ஈரம் காயாத பாட்டு

சளார்!

ஜன்னல் கண்ணாடி நொறுங்கி, சாப்பாட்டு மேஜையின் நடுவில் கல் வந்து விழுந்தது. சூப் கிண்ணம் இரண்டாகப் பிளந்தது.

பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய அந்த விடுதியில் அப்போது மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். நான்காவது ஆள், பாடகர் பார்னபி லாஃப்டன், மாடி அறையில் விறைத்துக் கிடந்தார். காலை எட்டு மணிக்குக் கதவை உடைத்துத்தான் அவரைப் பார்த்தார்கள். அபின் என்றார் டாக்டர்.

கான்ஸ்டபிள் அசகேல் டில்டன் கல்லை எடுத்தார். அதில் ஒரு தாளைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். பிரித்தார். தாள் சில்லென்று ஈரமாக இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் அது அவருக்கு விசேஷமாகப் படவில்லை. மேலே சவப்பெட்டிப் படம். போன வருஷம் ஒரு கடற்கொள்ளைக்காரனைத் தூக்கில் போட்டபோது விற்ற பாட்டுத் தாளிலும் இதே சவப்பெட்டிதான். அதன் கீழே, தாளின் முதுகு வரை புடைக்கும்படி அழுத்தமான கறுப்பு எழுத்துகள்:

*பாடிய குயிலின் பாட்டு நின்றதே – அதைப்
பருகக் கொடுத்தவள் கை கொன்றதே!*

அடியில், ‘இயற்றி அச்சிட்டவர்: ஜாரெட் கூம்ஸ்.’

“படிக்காதீங்க. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. பதினோரு மணியிலேருந்து தெருவே பாடுது” என்றாள் லவினா. விடுதியின் வேலைக்காரி, இருபது வயது.

வெளியே யாரோ அந்த இரண்டு வரியை எடுத்துக் கொடுக்க, ஐம்பது குரல்கள் சேர்ந்து பாடின. பிடிபட்டவர் மேல் ஊற்றத் தார்ச் சட்டி காயும் வாசம் உடைந்த ஜன்னல் வழியே வந்தது. டில்டனிடம் இருப்பது ஒரு தடி, அதுவும் வெறும் மரக்கட்டை. மூன்று மணிக்கு மரண விசாரணை. ஜூரி பன்னிரண்டு பேர் சட்டைப் பையிலும் இந்தப் பாட்டு இருக்கும். இவளைச் சிறைக்கு அனுப்பச் சொல்வார்கள். இவளை அழைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைத் தாண்டிச் சிறைவாசல் வரை போக வேண்டியவர் அவர்தான்.

“சீக்கிரம் பதில் சொல்லும்மா. நேத்து அவருக்கு என்ன கொண்டு போனே?”

“கிராம்பு போட்ட சூடான ஆப்பிள் சாறு. தினமும் குடுக்கிறதுதான்.”

“என்ன சொன்னார்?”

“சந்தோஷமா இருந்தார். இன்னிக்குக் கொட்டகையில வசூல் முழுக்க அவருக்கே சேர்ற ஆட்டமாச்சே. ‘மேடையில ஒரு விஷயம் சொல்லப்போறேன், லவினா. ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும்’னார்.”

“என்ன விஷயம்?”

“நீயும் டிக்கெட் வாங்கித் தெரிஞ்சுக்கோன்னுட்டார்.”

டில்டன் விடுதிக்காரி மிஸஸ் பெல்லைப் பார்த்தார். “அதுக்கு முன்னால யார் வந்தா?”

“தையல்காரர், புதுச் சட்டையோட. அப்புறம் கூம்ஸ். அவர் வாரா வாரம் வர்றவர்தான். வருவார், ஒரு காகிதத்தை வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டுப் போவார். நேத்து வெறுங்கையோட போனார்.”

“அறையில என்ன இருந்துச்சு?”

“காலிக் கோப்பை. காலியான தொண்டை மருந்துச் சீசா. டாக்டர் கோப்பையை மோந்து பார்த்தார். கிராம்பு வாசம்தான் வந்துச்சு. அபின் வாசத்தைக் கிராம்பு மறைச்சிருக்கும்னு சொல்லிட்டார்.”

“சீசாவை?”

“அதை யார் மோந்து பார்க்கப் போறா? தேனும் வினிகரும்தானே. பாடுறவங்க எல்லாரும் படுக்கப்போகும்போது குடிக்கிறது.”

டில்டன் மாடிக்குப் போய்ச் சீசாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். தேன். தேனுக்கு அடியில் நாக்கு சுருங்கும் கசப்பு. உடனே துப்பிவிட்டுச் சீசாவைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

ஆக, கோப்பையில் இல்லை. ஆனால் இதை யாரிடம் சொல்வது? சீசாவிலும் அவளே கலந்தாள் என்பார்கள். முதலில் கூட்டம் கலைய வேண்டும். பாட்டால் திரண்ட கூட்டத்தை இன்னொரு தாளால்தான் கலைக்க முடியும்.

“கதவுக்குப் பின்னால அலமாரியைத் தள்ளி வைங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் திறக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியே ஓடினார்.

மணி ஒன்றே முக்கால்.

கூம்ஸின் அச்சுக்கூடத்தில் கொடிக் கயிறுகள் நிறையப் பாட்டுத் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. கூம்ஸின் மனைவி ஹல்டா அவற்றை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

“வாங்க, கான்ஸ்டபிள். பஞ்சாங்கம் அடிச்சு முடிச்சதிலேருந்து ஒரு வேலை கிடையாது. அச்சு மரத்துல சிலந்தி குடும்பம் நடத்துச்சு. இன்னிக்குத்தான் விமோசனம். செத்தவர் புண்ணியம்!”

“ஹல்டா, வாயை மூடு” என்றபடி வந்தார் கூம்ஸ். மெலிந்த மனிதர். விரலெல்லாம் மை. முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை. “பாட்டைப் படிச்சீங்களா?”

“கல்லுல சுத்தி வீட்டுக்கே அனுப்பி வெச்சாங்க. எப்ப எழுதினீங்க?”

“எட்டரைக்குப் பால் வண்டிக்காரன் வந்து சொன்னான். பேனாவையே தொடலை. அச்செழுத்துப் பெட்டி முன்னால நின்னு நேரா கோத்துட்டேன். பதினோரு மணிக்கு ஊர் வாயில பாட்டு! இந்த ஊர்ல வேற யாரால முடியும்?”

“ரொம்ப நல்லது. எனக்கும் ஒரு நோட்டீஸ் வேணும். ‘விசாரணை முடியவில்லை, கலைந்து போங்கள்’னு ரெண்டே வரி. மூணு மணிக்குள்ள.”

“முடியாதுங்க.”

“ரெண்டு வரி முடியாதா?”

“வரி இல்லை பிரச்சினை. காகிதம் இல்லை.”

டில்டன் சுவரோரம் இடுப்புயரம் அடுக்கியிருந்த கட்டுகளைக் காட்டினார். “அப்ப அதெல்லாம் என்ன?”

கூம்ஸ் சிரித்தார். “அது காய்ஞ்ச காகிதம். முதல் நாள் சாயங்காலமே நனைச்சு, மேலே பலகை போட்டு, கல்லை ஏத்தி வைக்கணும். ராத்திரி முழுக்க ஊறினாத்தான் ஈரம் ஒரே சீரா இறங்கும். நனைச்சு வெச்சது பூராவும் பாட்டுக்கே தீர்ந்துபோச்சு. நாளைக்குக் காலையில வாங்க.”

“காய்ஞ்சதுலயே அடிங்க! ஒரு பொண்ணோட உயிர் ஊசலாடுது.”

“மை திட்டுத் திட்டா நிக்கும். எழுத்து பதியாது. என் பேர் போட்ட தாள் ஒண்ணு அப்படி வெளியே போகாது. வேற கடை பாருங்க.”

வேறு கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். போய்வர நேரமில்லை. டில்டன் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். மறு கை கோட்டுப் பையில், கல்லோடு வந்த தாளின் மேல் இருந்தது. சில்லென்ற ஈரம். முதுகில் புடைத்த எழுத்துகள்.

கைப்பிடியை விட்டார்.

“அருமையாப் பதிஞ்சிருக்கு, கூம்ஸ். ஒரு எழுத்துக்கூட மங்கலை.”

“சொன்னேனே!”

“ராத்திரி முழுக்க ஊறின காகிதம்.”

“பின்னே?”

“எந்த வேலைக்காக ஊறப் போட்டீங்க?”

கூம்ஸின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. “ஏதாவது வரும்னு… பொதுவா…”

“என்ன பொதுவா?” ஹல்டா திரும்பினாள். “வேலை இல்லாம நனைச்சா பூஞ்சை பிடிச்சு நாசமாப் போகும்னு என்னைத் திட்டுறதே நீங்கதான். நேத்து விடுதியிலேருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழட்டாம வாளியைத் தூக்கினீங்க. இந்தக் குளிர்ல எதுக்குன்னு கேட்டதுக்கு, ‘நாளைக்கு வேலை இருக்கு’ன்னு…”

பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த தாள்கள் நழுவித் தரையில் பரவின.

தெருவில் இரண்டு மணி அடித்தது. டில்டன் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார். குரல் நிதானமாக வந்தது.

“லாஃப்டன் செத்தது காலையில எட்டு மணிக்குத்தான் ஊருக்குத் தெரியும். உனக்கு நேத்து சாயங்காலமே தெரியும், கூம்ஸ். தையல்காரர் போன பிறகு நீ போனே. படுக்கப்போகும்போது குடிக்கிற மருந்துல அபினைக் கலந்தே. தினமும் அந்தப் பொண்ணு கோப்பை கொண்டு போவான்னு உனக்குத் தெரியும். பழி போட ஆள் தயார். வீட்டுக்கு வந்ததும் மறுநாள் வேலைக்குக் காகிதம் நனைச்சே. அது திட்டம்கூட இல்லை, கை பழக்கம். காய்ஞ்ச தாள்ல அடிச்சிருந்தா உன்னைப் பிடிக்க எனக்கு வழியே இருந்திருக்காது.”

கூம்ஸ் மை படிந்த விரல்களை மேல்சட்டையில் துடைத்தார்.

“சீசா என்கிட்ட இருக்கு. உன் மனைவி சொன்னதை ஜூரி கேட்பாங்க. முதல்ல என்கூட விடுதி வாசலுக்கு வந்து, அந்தக் கூட்டத்துக்கிட்ட நீயே சொல்லப்போறே. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. உனக்கும் அவருக்கும் அப்படி என்ன பகை? வாரா வாரம் அவர்கிட்ட என்ன காகிதம் வாங்கிட்டு வந்தே? இன்னிக்கு மேடையில அவர் என்ன சொல்ல இருந்தார்?”

கூம்ஸ் குனிந்து, தரையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்தார். மை காயாத ஓரத்தைத் தொடாமல், குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தெருவுல ஜனங்க என்ன சொல்றாங்க, கான்ஸ்டபிள்? நல்லா இருக்குன்றாங்களா? என் பேர்ல வந்த பாட்டுலேயே இது ஒண்ணுதான் நானே எழுதினது.”