ஃபைலுக்குத் தன் பெயர் தெரியாது

"ரைஹானாவுக்கும் ஒரு தட்டு வை" என்று முஜீப் கூடத்திலிருந்து குரல் கொடுத்தபோது, சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. "யாருக்கு?" என்று கேட்டாள் அவன் மனைவி ஜரினா.

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தான். ஏழு வயது மகள் ரைஹானா, மழைக்காகப் பள்ளி விடுமுறை, பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு இரண்டாவது திரையில் ஓடும் தன் பிறந்தநாள் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமணன்சாவடியில் மதியம் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது; நெடுஞ்சாலை லாரிகளின் உறுமலும், கீழே நிரம்பி வழியும் சாக்கடையின் நாற்றமும், தாளித்த வெங்காய வாசனையும் ஜன்னலோரம் ஒன்றாகக் கலந்து நின்றன. கரண்ட் போய், மேசைக்கு அடியில் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்திருந்தது. முஜீப்போ பத்து நிமிடத்துக்கு முன் செய்த முட்டாள்தனத்தைச் சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுக் கொடுப்பது அவன் தொழில். வேலப்பன்சாவடி ஸ்டூடியோக்காரர் ஒருவரின் டிஸ்க்குக்கு ஒரு விண்டோ, தன் டிஸ்க்குக்கு ஒரு விண்டோ என்று அருகருகே திறந்து வைத்திருந்தவன், அழிக்கும் கட்டளையைத் தன் விண்டோவில் தட்டிவிட்டான். 'ரைஹானா' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் பள்ளி, பெருநாள், பிறந்தநாள் என்று ஃபோல்டர்கள். அவற்றுக்குள் வருடவாரியாக இன்னும் ஃபோல்டர்கள். மேலே இருப்பதை அழித்தால், அடியில் இருப்பதையெல்லாம் அது ஒரு வார்த்தை கேட்காமல் வாரிக்கொண்டு போய்விடும். ஊரார் டிஸ்க்கைப் பத்துத் தடவை சரிபார்க்கிற மடையன், தன் வீட்டில் கோட்டை விட்டான்.

ஒரே ஆறுதல், அழிந்தவற்றில் ஒன்றான அந்தப் பிறந்தநாள் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களிடம் அவன் பெரிய டாக்டர் மாதிரி அளக்கிற விஷயம்தான். ஃபைலுக்குத் தன் பெயர் தெரியாது. அது இருக்கும் ஃபோல்டரின் பட்டியலில்தான் பெயர் எழுதியிருக்கும். பட்டியலிலிருந்து அடித்தாலும், யாராவது திறந்து வைத்திருக்கும்வரை ஃபைல் சாகாது. மூடினால் போச்சு, அந்த இடம் வேறொன்றுக்கு.

ஜரினா துணிக்கூடையோடு வந்தாள். மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அப்படியே கூடையை வைத்தாள். குழந்தை ஒதுங்கி, இறங்கி, முஜீப்பின் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஏய், பாப்பா மேலயே வைக்கிற!"

"எந்தப் பாப்பா? இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?" அவள் கண்ணில் கிண்டல் இல்லை. அவனைப் பார்த்துப் பயம்தான் இருந்தது. "நமக்கு ஏதுங்க பாப்பா?"

அவனைப் பார்த்தபடியே பின்வாங்கி, தன் அண்ணனுக்குப் போன் போட உள்ளே போனாள்.

அவன் கைக்குள் இருந்த விரல்கள் ஜில்லிட்டிருந்தன. "அத்தா," என்றது குழந்தை. "என் பேரு இன்னா?"

சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. காலையில் பல் விளக்கச் சொல்லி அதட்டிக் கூப்பிட்ட பெயர். முதல் எழுத்துகூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

"சொல்றேன் கண்ணு. அத்தா சொல்றேன். கைய மட்டும் விட்டுடாத."

வீடியோ மூடுவதற்குள் ஒரு காப்பி எடுத்துவிட்டால் போதும். ஒற்றைக் கையால் தட்டினான். எந்தப் பெயரில் சேமிக்க என்று கேட்டது கம்ப்யூட்டர். வீடியோவில் கேக்கைச் சுற்றி நின்று எல்லோரும் பாடினார்கள். பெயர் வரும் இடத்தில் வாய்கள் அசைந்தன. சத்தம் இல்லை.

யூ.பி.எஸ். விடாமல் கத்தியது.

ஒரு பேர். யா அல்லா, ஏதாவது ஒரு பேர்.

'பாப்பா' என்று தட்டினான்.

அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

பாப்பா2. இருக்கிறது.

பாப்பா3. இருக்கிறது.

அவன் டிஸ்க்தான். அவன் வைத்த ஞாபகம் இல்லை. முதலாவதைத் திறந்தான்.

இதே கூடம். இதே மேசை. நாலு வயதுப் பையன் ஒருவன், ஜரினாவின் மூக்கு அவனுக்கு, கேமராவை நோக்கிக் கையை நீட்டினான். "அத்தா, தூக்கு." கேமராவுக்குப் பின்னால் சிரித்தது முஜீப்பின் குரல். அந்தப் பையனை முஜீப்புக்குத் தெரியவில்லை.

இரண்டாவதில் ஒரு தவழும் குழந்தை. தெரியவில்லை.

மூன்றாவது. பல் விழுந்த சிறுமி. அதே கூடம். அதே சிரிப்பு.

தெரியவில்லை.

யூ.பி.எஸ். நின்றது. இரண்டு திரையும் அணைந்தன.

பிடித்திருந்த கை நழுவியது. பதறி எட்டிப் பிடித்தான். அது வேறு கை. இன்னும் சின்னது. இன்னொன்று சட்டையைப் பற்றியது. தரையோடு வந்த ஒன்று முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றது.

"அத்தா," என்றது பையனின் குரல். "என்னக் கூப்புடு."

மழை வெளிச்சத்தில் நாலு முகங்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.