அழகம்மாள் நடந்த தடத்துக்கு மேற்கு

"தாய்ப்பத்திரத்தக் காட்டுங்க," என்றேன்.

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த விஷயம் அது. வேலைக்குச் சேர்ந்த அன்றே திருப்பதி சார் தெளிவாகச் சொன்னார். "பார்ட்டி எந்தப் பத்திரத்தக் குடுக்குறாங்களோ, அதுல உள்ள அளவ ஏத்திப் படம் போடு. தாய்ப்பத்திரம் எங்கன்னு மட்டும் கேட்டுறாத. நாம சர்வே ஆபீஸு. கோர்ட்டு இல்ல."

ஆனால் படத்தின் அடியில் கையெழுத்துப் போடுவது அவர் இல்லை. கடைதான் அவருடையது. சர்வேயர் லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. கோடு தப்பாக விழுந்தால் கலைமதி என்ற பெயரைத்தான் ஊர் காறித் துப்பும்.

வசந்தகுமார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்னவாசல் தாண்டி, தைலமரக் காட்டை ஒட்டியிருந்தது அவருடைய பூர்வீக வீடு. காலையில் வந்து இறங்கியபோதே ஒன்றைக் கவனித்தேன். கிழக்குச் சுவரில் இருந்த ஜன்னல்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வெயிலிலும் உள்ளே டியூப் லைட் எரிந்தது.

"பாப்பா என்ன படிச்சிருக்கு?"

"பி.இ. சிவில்."

"அப்பா என்ன பண்றாரு?"

"குவாரியில கல்லு ஒடைக்கிறாரு. பத்திரத்தக் கேட்டேன்."

அவருக்கு எதற்கு என்று புரியாமல் இல்லை. லேப்டாப் திரையை அவர் பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தேன். பத்திரத்தில் உள்ள பக்க அளவுகளை ஒவ்வொன்றாக சாஃப்ட்வேரில் அடித்தால், கோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட புள்ளிக்கே வந்து மூட வேண்டும். மூடினால்தான் அது நிலம். இவருடைய கோடு மூடவில்லை. தெற்கு, மேற்கு, வடக்கு மூன்றும் கல்லுக்குக் கல் சரியாக உட்கார்ந்தன. கிழக்கு மட்டும் நீளம் கூடுதல். நேராக இழுத்தால், முடிய வேண்டிய கல்லைத் தாண்டிக் கண்மாய்க்குள் போய் விழுந்தது. அப்படியென்றால் அந்த எல்லை நேராகப் போகவில்லை. நடுவில் எங்கோ வளைகிறது. எங்கே என்பதைப் புதுப் பத்திரம் சொல்லவில்லை.

அந்தக் கிழக்குப் பக்கத்தில், இரண்டு கல்லுக்கும் நடுவே, செவந்தி என்ற பெண்ணின் ஓட்டு வீடும் கிணறும் இருந்தன. நேர்கோடாக மூடினால் இரண்டும் வசந்தகுமாரின் மனைப்பிரிவுக்குள் வந்துவிடும். அடுத்த வாரமே ஜேசிபி வந்து நிற்கும்.

போனில் திருப்பதி சாரிடம் சொன்னேன். "இதெல்லாம் ஒரு பிரச்சனையா? C அடி, என்ட்டர் தட்டு. மூடிரும்," என்றார். அது உண்மைதான். ஒரு எழுத்து அடித்தால் போதும். சாஃப்ட்வேர் எதையும் கேட்காமல் கடைசிப் புள்ளியையும் முதல் புள்ளியையும் நேராகச் சேர்த்துவிடும். நடுவில் யாருடைய அடுப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வசந்தகுமார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அது உள்ரூம்ல டிரங்குப் பெட்டியில கெடக்கு. நாங்க தொடமாட்டோம். வேணும்னா நீயே எடுத்துக்க."

உள்ரூமில் லைட் இல்லை. போன் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தேன்.

முதலில் வந்தது வாசனை. உழுத வயலில் முதல் மழை விழுந்தால் வருமே, அந்த வாசனை. வெளியே மழை பெய்து பல மாதம் ஆகியிருந்தது. பத்திரத்தை எடுத்தேன். தாள் நசநசவென்று ஈரமாக இருந்தது. மை மட்டும் கலையவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு நான்கெல்லை எழுதியிருந்த இடத்தைத் தேடிப் படித்தேன்.

கிழக்கெல்லை: அழகம்மாள் மண் சுமந்து நடந்த தடத்துக்கு மேற்கு.

கல் இல்லை, மரம் இல்லை, வாய்க்கால் இல்லை. ஒரு பெண் நடந்த தடம். அதை எந்தப் புள்ளியில் வைப்பது?

"யாருங்க அழகம்மாள்?"

வசந்தகுமார் வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"செத்துப்போனவ," என்றார். "படிச்சிட்டேல்ல. மூடி வச்சிட்டு வா."

*

சாட்டிலைட் மூலம் இடத்தைக் குறிக்கும் ரோவர் கம்பைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனேன். செவந்தி கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னொரு கம்பு வந்திருச்சா. வா தாயீ. என் அடுப்படிய இந்தத் தடவ எங்கிட்டுத் தள்ளப் போற?"

"நான் யாரையும் தள்ள வரல. அழகம்மாள் யாருன்னு கேக்க வந்தேன்."

அவள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டாள். வீட்டு நிழலுக்குள் என்னை இழுத்து உட்காரவைத்துவிட்டுத்தான் பேசினாள்.

அந்தக் காலத்தில் எல்லைத் தகராறு வந்தால், கோர்ட்டுக்குப் போகமாட்டார்களாம். தகராறு நடக்கும் மண்ணிலேயே ஒரு கட்டி வெட்டி, தண்ணீர் தெளித்து, தலையில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்க நடக்க வேண்டும். நடக்கும் தடம்தான் எல்லை. பொய்த் தடம் நடந்தால் அந்த மண் நடந்தவரைத் தின்றுவிடும். நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்தான் நடக்க வேண்டும்.

"இவுக பாட்டன் நடக்கல," என்றாள் செவந்தி. "பொய்யின்னு அவனுக்கே தெரியுமுல்ல. வீட்டுல சாணி அள்ளுன பொம்பளைய நடக்கச் சொன்னான். பழி வந்தா நடந்தவளோட போயிரும், மண்ணு நம்மளோட இருக்கும்னு கணக்கு. அழகம்மாளுக்குன்னு ஒரு சாண் நெலம் கெடையாது. அடுத்தவன் மண்ணத் தலையில ஏத்துனாக."

"நேராவா நடந்தாங்க?"

"நேரா நடன்னுதான் சொன்னாக. அவ இந்த வீட்டச் சுத்தி, வெளிய விட்டுட்டு வளைஞ்சு நடந்தா. ஊரே பாத்துச்சு, அதான் பத்திரத்துலயும் அந்தத் தடத்தையே எழுத வேண்டியதாப் போச்சு. கடேசிக் கல்லுக்குக் கிட்டக்கப் போறப்ப மறிச்சுட்டாக. திரும்பிப் போயி நேரா நடடின்னாக. மாட்டேன்னு நின்னா. மண்ணோட வெயில்ல நின்னா. பொழுது சாயிற வரைக்கும் ஒருத்தனும் எறக்கி விடல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நின்னுக்கிட்டே போயிட்டா."

எனக்கு பயம் வரவில்லை. காதுமடல் சுட்டது. சாட்சி நடக்க ஒரு பெண், கையெழுத்துப் போட ஒரு பெண். இவர்கள் மாறவே இல்லை.

"வெயில் உச்சிக்கு வந்துருச்சு," என்றாள் செவந்தி. "அவ போற நேரம். வழியில நிக்காத. ஓரமா நில்லு."

"உங்களுக்கு பயமா இல்லையா?"

"என் வீட்ட விட்டுட்டுத்தான சுத்திப் போறா. நான் எதுக்குப் பயப்படணும்?"

நான் எழுந்து போய் வடகிழக்குக் கல்லின் தலையில் ரோவரை நிறுத்தினேன். கம்பில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலரில் பட்டனை அழுத்தினால் நிற்கும் இடம் ஒரு புள்ளியாகப் பதியும். ஒரு 'பீப்' கேட்கும். முதல் புள்ளியை எடுத்தேன்.

பீப்.

தைலமரங்களில் காற்று நின்றுபோயிருந்தது. கிணற்றடிக் காக்கைகூட வாயைப் பிளந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தது.

பீப்.

நான் பட்டனைத் தொடவில்லை.

திரையில் இரண்டாவது புள்ளி விழுந்திருந்தது. கல்லுக்குத் தெற்கே. கம்பு என் கையில் அசையாமல் இருந்தது.

பீப்.

அதற்கும் தெற்கே இன்னொன்று.

சாட்டிலைட் சிக்னல் குழம்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்னல் எதிலாவது பட்டுத் திரும்பினால் புள்ளி தாறுமாறாகச் சிதறும். இவை சிதறவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு ஆள் எட்டு வைக்கிற இடைவெளியில், நிதானமாகப் போயின.

பிறகு தரையைப் பார்த்தேன்.

காய்ந்து வெடித்த செம்மண்ணில் ஈரமண் துணுக்குகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தரத்திலிருந்து. ஒரு ஆள் உயரத்திலிருந்து. அதே பெட்டியின் வாசனை. கூடவே ஒரு மூச்சு. கழுத்து நரம்பு புடைக்கப் பாரம் சுமக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவார்களே, அந்த மூச்சு. என் அம்மா நூறு நாள் வேலையில் மண் தட்டோடு மேடு ஏறும்போது அப்படித்தான் விடுவாள்.

அது செவந்தியின் வீட்டருகே போனதும் மேற்கே திரும்பியது. சுவரை ஒட்டி வளைந்தது. கிணற்றைச் சுற்றியது. மறுபடி கிழக்கே சாய்ந்து தென்கிழக்குக் கல்லை நோக்கி நகர்ந்தது.

கல்லுக்குச் சற்று முன்னால் நின்றது.

பீப் நின்றது. மூச்சு மட்டும் நிற்கவில்லை. ஒரே இடத்தில் நின்று, ஏறி ஏறி இறங்கியது.

செவந்தி தன் வாசலில் இரண்டு கைகளையும் கூப்பியபடி நின்றிருந்தாள். நான் கன்ட்ரோலரிலிருந்து புள்ளிகளை என் மெயிலுக்கு அனுப்பினேன்.

*

நான் வீட்டுக்குள் திரும்பியபோது திருப்பதி சார் காரில் வந்து சேர்ந்திருந்தார். வசந்தகுமார் போன் போட்டிருக்கிறார். லேப்டாப்பில் புள்ளிகளை ஏற்றினேன். கோடு செவந்தியின் வீட்டை வெளியே விட்டு வளைந்து இறங்கியது. கடைசிக் கல் வரைக்கும் சேர்த்து அளந்து பார்த்தேன். பத்திரத்தில் இருந்த கூடுதல் நீளம் அச்சாக வந்தது.

"கிழக்குல என்னம்மா இது, பாம்பு மாரி?"

"அழகம்மாள் நடந்த தடம், சார்."

"பட்டாவுல பேரு இருக்கா?"

"இல்ல."

"ஆதாரு?"

அவர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். வசந்தகுமார் சிரிக்கவில்லை.

"தள்ளு," என்று என்னை விலக்கிவிட்டு திருப்பதி சார் உட்கார்ந்தார். புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தார். C அடித்தார். என்ட்டர் தட்டினார். கோடு விறைத்துக்கொண்டு நேராக மூடியது. செவந்தியின் வீடு உள்ளே வந்தது.

கீபோர்டில் ஒரு துளி ஈரமண் விழுந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார். "காரை பேந்து விழுதுங்க. வீட்ட ஒரு தரம் பூசிருங்க." மண்ணைத் தட்டிவிட்டார். திரும்பித் திரையைப் பார்த்தபோது கோடு திறந்திருந்தது.

மறுபடி C. மறுபடி என்ட்டர்.

இந்த முறை மண் அவர் தலைமுடியில் விழுந்தது. நெற்றியில் செம்மண் தண்ணீர் கோடாக வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கார் ஏசி காத்து. கழுத்து புடிச்சிருச்சு."

மறுபடி திறந்தது. மறுபடி அடித்தார். ஒவ்வொரு முறையும் அவர் தலை கொஞ்சம் கீழே போனது. யாரோ மேலே உட்கார்ந்து அழுத்துவது போல.

"விட்டுருங்க சார்," என்று வசந்தகுமார் கிசுகிசுத்தார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வேணாம். விட்டுருங்க."

திருப்பதி சார் கேட்கவில்லை. மோவாய் நெஞ்சில் முட்டியிருந்தது. கண்ணை மட்டும் மேலே சுழற்றித் திரையைப் பார்த்தார்.

கடைசியாக அடித்தபோது கோடு மூடிக்கொண்டு அப்படியே நின்றது.

அறை முழுக்க மழை வாசனை.

"பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போடும்மா," என்றார். நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது குரல். "வீட்டுல ஒன் சம்பளத்த வச்சுத்தான ஓடுது. போடு."

பிறகு அதே வாயிலிருந்து வேறொரு குரல் வந்தது. வறண்ட, வயதான பெண் குரல்.

"எறக்கி விடு, தாயீ."

சுமந்து வருகிறவர் அப்படிக் கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கமாட்டோம். கை தானாகப் போகும். என் கை எழுந்துவிட்டது. அவர் தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், விரல் நுனியில் குளிர்ந்த ஈரம் பட்டது. கனம். பிடித்தால் வந்துவிடும் என்று தெரிந்தது.

வந்தால் எங்கே வைப்பது? என் தலையில்தான்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"அழகம்மாள் பொழுது சாயுற வரைக்கும் நின்னாங்க," என்றேன். "நீங்க இப்பத்தான சார் ஏத்தியிருக்கீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு விடும் அந்த மூச்சு மட்டும் வந்தது. இப்போது அவருடையது.

என் சர்வேயர் முத்திரையையும் ரோவரையும் எடுத்துக்கொண்டேன். லேப்டாப் அவருடையது, இருக்கட்டும். புள்ளிகள் என் மெயிலில் இருந்தன. பத்திரம் என் போனில் இருந்தது. அந்த வளைவு எப்படி வளைந்ததோ அப்படியே வரைவேன். நடந்து முடிக்கவிடாத அந்தக் கொஞ்ச தூரத்தை என் காலாலேயே நடந்து, கல்லோடு சேர்த்து மூடுவேன். அடியில் என் பெயரை எழுதிச் செவந்தி கையில் கொடுப்பேன். இதில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"பாப்பா," என்றார் வசந்தகுமார் சுவரிலிருந்து. "இவர இப்புடியே விட்டுட்டுப் போனா எப்புடி?"

நான் வாசலைத் தாண்டி இறங்கினேன்.

வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கிழக்கே நடந்தேன். என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு விழுந்தது. அதன் பக்கத்தில், அதே வேகத்தில், இன்னொரு நிழல் வந்துகொண்டிருந்தது. சேலை கட்டிய, ஒடிசலான ஒரு நிழல்.

என் பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த நிழல் கைகளை வீசி நடந்தது. அதன் தலைமேல் ஒன்றும் இல்லை.

நான் நடையை நிறுத்தவில்லை.