தீப்பெட்டி வீட்டில் நான்கு பேர்

“எரிமலையப் பத்தி எனக்குத் தெரியாத விஷயத்த உலகம் இனிமேத்தான் கண்டுபிடிக்கணும்” என்றான் லிங்கேஸ்வரன்.

போடிநாயக்கனூர்ப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் முதலிலிருந்து சொல்வான்.

மறுநாள் அறிவியல் கண்காட்சி. மேசைமேல் நீல அட்டைக் கடல். நடுவே அவனும் முத்துப்பிரியாவும் செய்த களிமண் எரிமலைத் தீவு. உச்சிக் குழியில் ஆப்பசோடாவும் குங்குமமும் இருந்தன. வினிகர் ஊற்றினால் சிவப்புக் குழம்பு பொங்கி வழியும்.

“கடலுக்கு அடியில குழம்பு கக்கிக் கக்கி, இறுகி இறுகி எந்திரிச்ச மலை இது. ஆனா ஏன் ஒரு பக்கம் மட்டும் பச்சை அடிச்ச?” என்றான் அவன்.

“காத்து இந்தப் பக்கமிருந்து வருது. மழை இங்கயே கொட்டிரும். அந்தப் பக்கம் காய்ஞ்சு கெடக்கும்” என்றாள் முத்துப்பிரியா. “மலை உச்சியில போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் குடை, கீழ நமக்கு விசிறி. அதே மாதிரி.”

லிங்கேஸ்வரன் மலைச்சரிவின் பள்ளத்தில் மூன்று தீப்பெட்டி வீடுகளை ஒட்டினான். “குழம்பு வந்து முழுங்கும். எல்லாரும் கை தட்டுவாங்க.”

முத்துப்பிரியா அவற்றைப் பிய்த்து மேட்டில் வைத்தாள்.

“என்ன சோலி பாக்குற?”

“தண்ணி போற வழியிலதான் குழம்பும் வரும். அங்க வீடு வேணாம்.”

“எரிமலையில எவன் குடியிருக்கச் சொன்னான்?”

“இறுகுன குழம்பு உதிர்ந்தா நல்ல மண்ணு. நல்லா வெளையும். சோலி இருக்கிற எடத்துலதான வீடும் இருக்கும்?”

“உள்ள யாரு இருக்கா? தீப்பெட்டிக்குப் போய் அழுவுறா பாருங்கடா.”

அவள் அழவில்லை. “எங்க லயமும் பள்ளத்துலதான் இருந்துச்சு” என்றாள். லயம் என்பது ஏலத்தோட்ட வேலைக்காரர்களின் வரிசை வீடு. “போன மழையில மலை சரிஞ்சு அந்த வழியா வந்துருச்சு. அம்மா சட்டியத் தட்டி எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துச்சு. ஆளுக இருக்கோம். வீடு இல்ல. அதான் இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ந்தேன்.”



“அது மலை. இது களிமண்ணு” என்று முணுமுணுத்தபடி அவன் வீடுகளைப் பள்ளத்திலேயே ஒட்டினான்.

முத்துப்பிரியா சண்டை போடவில்லை. பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து உடைத்து, வீட்டுக்கு நான்கு கருப்பு விதைகள் போட்டாள்.

“இப்ப உள்ள ஆளு இருக்காங்க.”

“ஏலக்காய்க்குக் குடும்பம் வேறயா?” என்று லிங்கேஸ்வரன் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை.

மறுநாள் மேசையைச் சுற்றிக் கூட்டம். வினிகர் பாட்டிலோடு அவன் கடலடியில் தொடங்கி உச்சி வரைக்கும் பேசினான். பாட்டிலைச் சாய்த்தான். கை பாதியில் நின்றது.

பாட்டிலைக் கீழே வைத்தான். முதல் தீப்பெட்டியைத் திறந்து, விரல் நுனியால் விதைகளை ஒவ்வொன்றாக மேட்டில் ஏற்றினான். பிறகு இரண்டாவது வீடு.

“லிங்கேஸ்வரா, என்னப்பா தாமதம்?” என்றார் சந்திரவல்லி டீச்சர்.

முத்துப்பிரியா மூன்றாவது வீட்டைச் சரித்துப் பிடித்தாள். அவன் மூலையில் நகத்தை விட்டுத் துழாவினான்.

“கொஞ்சம் இருங்க டீச்சர். உள்ள இன்னும் ஒரு ஆளு இருக்கு.”