மஞ்சள் விளக்கும் மிளகாயும்

எங்கள் தெருவில் ஒரு மிளகாய் இருக்கிறாள். வயது பத்து. சட்டென்று காரம் ஏறிவிடும் என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். மாடியில் அவளுடைய அத்தை மகன் இருக்கிறான். எந்நேரமும் சைக்கிளும் கையுமாகத் திரிவதால் அவன் பெடல்.

பெடல் பந்தயங்களில் சைக்கிள் ஓட்டுகிறவன். மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் மிளகாயின் அப்பாதான் அவனைக் காரில் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அதற்காகவே, சைக்கிளை மாட்டிக்கொண்டு போக ஒரு இரும்புச் சட்டத்தை வாங்கிக் காரின் பின்னால் பொருத்தினார். சட்டத்துக்கென்று தனியாக இரண்டு சிவப்பு விளக்குகள் வேறு, ஒயரோடு.

"என் பொம்மை வீட்டுக்கு ஒரே ஒரு பல்பு கேட்டேன், வாங்கித் தரல. அவன் சைக்கிளுக்கு மட்டும் ரெண்டு லைட்டா?" என்று மிளகாய் வாசலில் நின்று கத்தியது நான்கு வீடு தள்ளிக் கேட்டது. என் வீடு ஐந்தாவது. எனக்கும் கேட்டது.

சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமை மீதும் கறுப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள். பேனா அழுத்தியதில் அடுத்த மாதத் தாளே கிழிந்துவிட்டது.

ஒருவழியாகப் பந்தயங்கள் முடிந்தன. வெள்ளிக்கிழமை மாலை அப்பா சட்டத்தைக் கழற்றினார். மறுநாள் அப்பாவும் மிளகாயும் மட்டும் மீன் கண்காட்சிக்குப் போவதாக ஏற்பாடு. அதுதான் கடைசி நாள். மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

உதவி செய்யப் பெடல் ஓடி வந்தான். காரின் பின்னால் குனிந்து கையை நீட்டினான்.

"கையை எடு!" என்றாள் மிளகாய். "உன் சைக்கிள் கதை முடிஞ்சுது. இனிமே இது எங்க கார்."

பெடலின் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணி. புதுச் சட்டை போட்டு, முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தாள் மிளகாய். அப்பா சாவியைத் திருப்பினார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குட்டிக் கார் படம். அதன் வாலில் ஒரு பெட்டி.

"பின்னாடி ஏதோ மாட்டியிருக்குன்னு வண்டி நினைக்குது" என்றார் அப்பா.

"அதான் நேத்தே கழட்டிட்டோமேப்பா!"

"நமக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே."

ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். சட்டம் மாட்டியிருந்த நாட்களைப் போலவே, வழக்கமான பீப் சத்தமும் வரவில்லை.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். காரணம் தெரியாமல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எதுவும் ஓர் அடிகூட நகரக் கூடாது என்பது அவர் கொள்கை. லிஃப்டுக்கும் அதேதான், காருக்கும் அதேதான்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "பேட்டரியைக் கழட்டி மாட்டுங்க சார். எல்லாத்தையும் மறந்துடும்" என்றார் பழைய பஸ் டிரைவர்.

கழற்றி மாட்டினார்கள். கடிகாரம் மணியை மறந்தது. ரேடியோ பாட்டு வரும் இடத்தை மறந்தது. மஞ்சள் விளக்கு மட்டும் எதையும் மறக்கவில்லை.

"கறுப்புத் துணியில ஒரு சின்ன திரை தைச்சுத் தரேன். லைட்டை மூடிடலாம்" என்றார் தையல்காரர். அப்பா பார்த்த பார்வையில் அவர் கடைக்குத் திரும்பிவிட்டார்.

மணி பதினொன்று. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், திங்கட்கிழமை வரச் சொன்னார்.

"இன்னிக்கு வேண்டாம்மா" என்றார் அப்பா மெதுவாக.

மிளகாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. "அந்தப் பெடலால வந்தது!" என்று காரின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். பம்பருக்கு அடியில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, இது என்ன?"

"அது காரோடதும்மா. ரொம்ப நாளா அங்கதான இருக்கு."

ரொம்ப நாள் என்றால் எத்தனை நாள்? மிளகாய் யோசித்தாள். நேற்றுப் பெடல் கை நீட்டியது சரியாக இந்த இடத்துக்குத்தான். அவள் கையை எடு என்று கத்தியதும் இங்கேதான். அவளுடைய காது இரண்டும் சிவந்தன.

மாடிப்படியில் அவ்வளவு மெதுவாக அவள் ஏறி நான் பார்த்ததே இல்லை.

பெடல் பழைய பனியனால் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நேத்து எதை எடுக்க வந்த?"

"ஏன், இன்னிக்கு உங்க காரைத் தொடலாமா?"

"தொடலாம்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அது அடாப்டர். சட்டத்தோட பிளக் சின்னது, கார் சாக்கெட் பெருசு. ரெண்டையும் சேர்க்கத்தான் அது. மூணு மாசம் முன்னாடி அதை மாட்டினது நான்தான். அது தனியா கழட்டற சாமான்னே மாமாவுக்குத் தெரியாது."

"அப்போ அதைப் பார்த்துத்தான் சட்டம் இன்னும் இருக்குன்னு வண்டி ஏமாந்துச்சா? நீ ஏன் நேத்தே சொல்லல?"

"நீ சொல்ல விட்டியா?" செயினை விட்டு நிமிராமலே சொன்னான். "அப்புறம் வந்து சொல்லியிருக்கலாம். கடுப்பா இருந்துது, சொல்லல. என்னைப் பன்னெண்டு தடவை கூட்டிட்டுப் போனாரு. எல்லாத்துலயும் மண்ணு, வெயில், விசில் சத்தம். உனக்கு மட்டும் மீனு!"

மிளகாய் அவனையே பார்த்தாள். பிறகு களுக்கென்று சிரித்துவிட்டாள். "காலண்டரைக் கிழிச்சியா?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கீழ வா."

பெடல் குனிந்து அடாப்டரை ஒரு திருகு திருகி இழுத்தான். கையோடு வந்துவிட்டது. அப்பா வண்டியைக் கிளப்பினார். மஞ்சள் விளக்கு ஒருமுறை மின்னி, அணைந்தது. ரிவர்ஸ் போட்டதும் பீப், பீப், பீப். கடைக்குள்ளிருந்து தையல்காரர் கைதட்டினார்.

"இத்தனை நாளா இது காரோடதுன்னே நினைச்சிட்டேன்" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

கார் கிளம்பியது. நாலு வீடு தாண்டியதும் நின்றது. முன் ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"டேய் பெடல்! வந்து ஏறு! ஆனா முன் சீட் எனக்கு!"

"ஜன்னல் ஓரம் எனக்கு!" என்று கத்திக்கொண்டே அவன் ஓடினான்.

"பின்னாடி நீ மட்டும்தான்டா! ரெண்டு ஜன்னலும் உனக்குத்தான்!"

கார் நின்றது சரியாக என் வாசலில். பின் சீட்டில் பெடல் ஏறிய பிறகும் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். எனக்கும் மீன் என்றால் கொள்ளை ஆசை. யாராவது கேட்டால்தானே!