பாதி சொன்ன செய்தி

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லி, இடி, கணக்கு வாத்தியார், குக்கர் விசில் என்று எல்லாவற்றுக்கும் நடுங்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெரிய பயம் மாடி வீட்டுத் தாத்தாதான். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை, கதவு அதிரும் குரல். தினமும் காலையில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, குதிகால்களைத் தூக்கித் தூக்கி இறக்குவார். வயதானாலும் கால் பலம் குறையக் கூடாது என்று மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. கீழே இவர்கள் வீட்டில் தொம், தொம் என்று கேட்கும்.

அப்பாவுக்கு பேக்கரியில் இரவு வேலை. விடிந்த பிறகுதான் வந்து படுப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளை அனுப்பினார்.

“தாத்தாகிட்ட சொல்லிட்டு வா. காலையில மட்டும் வேணாம், பத்து மணிக்கு மேல எவ்வளவு நேரம் வேணா பண்ணட்டும்.”

அவள் போனாள். கதவு திறந்தது. மீசை தெரிந்தது. அவ்வளவுதான், நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

“அப்பா குதிக்க வேணாம்னு சொன்னாரு” என்று சொல்லிவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்துவிட்டாள். பத்து மணி அவள் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் முதல் சத்தம் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. அப்பா நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

கொஞ்ச நாளில் தாத்தா பூங்காவுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பால் வாங்கக்கூடக் கீழே வரவில்லை. கடைக்காரரே மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். பாவம், மனுஷனுக்குத் திடீரென்று வயதாகிவிட்டது என்று அம்மா வருத்தப்பட்டார்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் தன்னால்தான் என்று அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அப்பா திட்டுவார், தாத்தா என்ன செய்வாரோ தெரியாது. சொல்லாவிட்டால் தாத்தா ஒருநாள் விழுந்துவிடுவார்.

ஒருநாள் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது, தாத்தா மாடிப்படியின் நடுவில் நின்றிருந்தார். வெகுநாள் கழித்துக் கீழே இறங்கப் பார்த்திருக்கிறார். இரண்டு கைகளும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அவரால் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை.

“பாப்பா, யாராவது பெரியவங்களைக் கூப்பிடு.” அந்தக் குரல் இப்போது ஒரு காகிதத்தைக்கூட அசைக்காது.

அம்மா தையல் கம்பெனியிலிருந்து வந்திருக்கவில்லை. அப்பா வெளியே போயிருந்தார். எதிர் வீடு பூட்டியிருந்தது. ஓடிப்போய்த் தேடலாம்தான், அதற்குள் விழுந்துவிட்டால்? கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பயம் வந்தால் பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எங்கே விழப்போகிறார்?

“தாத்தா, கைப்பிடியை விடாம அப்படியே மெதுவா உட்காருங்க. அப்புறம் உட்கார்ந்தபடியே பின்னாடி பின்னாடி ஏறிடலாம்.”

“படியிலயா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“நானும் உட்காரறேன்.”

அவள் ஏறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரும் மெல்ல உட்கார்ந்தார். ஒரு படி, கொஞ்சம் மூச்சு, இன்னொரு படி. இரண்டு பேரும் பின்பக்கத்தால் படியேறியதை ஒரு பூனை மட்டும் வேடிக்கை பார்த்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“பத்து மணிக்கு மேல பண்ணலாம்னா சொன்னாரு? உங்கப்பா என்மேல கோபமா இருக்காருன்னுல நினைச்சேன். கேட்கவும் கூச்சமா இருந்துது. இப்ப கால் தளர்ந்துபோச்சு, தனியா ஆரம்பிக்கவே பயமா இருக்கு.”

“உங்களுக்கா? நெருப்புக்குள்ள எல்லாம் போயிருக்கீங்களே?”

“அங்கயும் பயம்தான் பாப்பா. பக்கத்துல இன்னொருத்தர் இருப்பாரு, அந்தத் தைரியத்துல போவேன்.”

“அப்ப நான் வந்து நிக்கறேன்” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அன்று மாலையே அப்பாவிடமும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தானே மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளி விட்டதும் அவள் மாடிக்குப் போனாள். தாத்தா மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களைத் தூக்குவார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து நிற்பார். அவள் பக்கத்தில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பாள். அவர் விழுந்தால் இவள் தாங்குவாளா என்று கேட்காதீர்கள். அந்தக் கவலை அவளுக்கே நிறைய இருந்தது.

நடுக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு விடுமுறை நாளில், பூங்காவுக்குப் போகலாமா என்று தாத்தாவே கேட்டார். அவள் முன்னால் இறங்கி, படிக்குக் கீழே ஓர் ஓரமாக நின்றாள். அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கடைசிப் படிகள் வந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டார்.

அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது தாத்தா தெருவில் நின்று, இந்தப் பெண் எங்கே போனாள் என்று தேடிக்கொண்டிருந்தார்.