தேடலில் விட்ட கருவி

டூரியின் கடைக்குள் நுழைந்தபோது வாசற்பனியில் அந்தத் துளை இல்லை. உர்சினாவுக்கு நிச்சயமாகத் தெரியும். பனிச்சரிவில் புதைந்தவரின் இருப்பிடத்தைக் காட்டும் புதுக் கருவியை மார்பில் கட்டி, சமிக்ஞை ‘அனுப்பு’ என்ற நிலையில் வைத்து, மகள் மத்லாய்னாவை வாசலில் நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து இன்னொரு கருவியால் தேடிப் பார்த்தார்கள். வெளியே வந்து பார்த்தால், அவள் கால்மாட்டில் விரல் பருமனில் ஒரு துளை. மேலிருந்து குத்தியிருந்தால் விளிம்பு உள்வாங்கியிருக்கும். இதன் விளிம்பு வெளியே பிதுங்கியிருந்தது.

“மூணு கருவி மாத்தியாச்சு உர்சினாக்கா,” என்றார் டூரி. “மாப்பிள்ளை பாக்கறப்பகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பனியில் குத்தித் தேடும் கம்பிகளை அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

“அசையாம கிடந்தா இது தானா ‘அனுப்பு’க்கு வந்துருமா?”

“வந்துரும்க்கா. இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான்.”

கணவன் யாகெனுடையது பழைய கருவி. சென்ற குளிர்காலத்தில், பனிச்சறுக்குக்குக் கிளம்பும் காலையில் கொட்டிலருகே பழகிப் பார்த்தபோது, அதை ‘தேடு’ நிலைக்கு மாற்றியது உர்சினாதான். காப்பி பொங்கும் வாசனை வந்தது, உள்ளே ஓடினாள். திருப்பி வைக்க மறந்தாள். தேடும் கருவி எதையும் அனுப்பாது. பனிச்சரிவு அவனை மூடியபின் அவள் கையிலிருந்த கருவி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. நான்காம் நாள் குத்துக்கம்பியில்தான் தட்டுப்பட்டான். விறைத்த விரல்களுக்குள் அவன் கருவி அப்போதும் தேடிக்கொண்டிருந்தது. பிரித்தெடுக்க முடியாமல் அதோடே புதைத்தார்கள். அவனுடைய கம்பியும் மண்வாரியும் கோடையில் பனி உருகிய பிறகும் கிடைக்கவில்லை.

மாலை, மகளின் அறை ஜன்னலில் புதுக் கருவி தொங்கியது. அணைக்க மறந்திருந்தாள், சிறு பச்சை விளக்கு நிதானமாக மினுங்கியது. அடுப்பிலிருந்து பைன் விறகின் பிசின் மணம். கூரையிலிருந்து பனி வழுக்கி விழும் ஓசை. அதற்கடியில், மிக மெதுவாக, மரக்கிளை முறிவதுபோல இன்னொன்று. உர்சினா ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள். வேலியோரம் தொடங்கி, சாண் இடைவெளியில், நத்தை ஓட்டின் சுழிபோல ஜன்னலை நோக்கி வந்திருந்தன துளைகள். தேடுகிறவர்கள் அப்படித்தான் குத்துவார்கள். சுற்றிலும் காலடித்தடமே இல்லை.

கருவியை அணைத்தாள்.

“நாளைக்கு மலைக்கு வேணாம்டி.”

“அப்பா போனதுலேருந்து உனக்கு எல்லாமே வேணாம்தான். நீ வரலன்னா நான் என் ஃப்ரெண்டு செலினாகூடப் போறேன்.”

மகளைத் தனியாக விட முடியவில்லை.

விடிந்ததும் காட்டு முனையில் வழக்கமான சோதனை. உர்சினா தன் கருவியைத் தேடலில் பிடித்து நின்றாள். மத்லாய்னா முன்னால் கடந்து போனாள். பீப். தூரம் காட்டும் எண்கள் சரி. “பாஸா, டீச்சர்?” என்று சிரித்தாள் மகள். உர்சினா தன்னுடையதை ‘அனுப்பு’க்கு மாற்றினாள். இருமுறை பார்த்தாள்.

வெட்டவெளிச் சரிவில் மகள் முன்னே போய் நின்று மூச்சு வாங்கினாள். காற்று இல்லை. சறுக்குப் பலகைகளுக்கடியில் பனி வறண்டு கிறீச்சிட்டது. அந்த ஓசை நின்ற பிறகுதான் மற்றது கேட்டது.

சுர்ர்க்.

மகளுக்குப் பத்தடி தள்ளி ஒரு துளை.

சுர்ர்க். எட்டடி.

அவன் இன்னும் தேடுகிறான்.

“அணைச்சுடு! கருவிய அணைச்சுடு!”

“இந்தச் சரிவுலயா? பைத்தியமாம்மா உனக்கு? நீதானே சொல்லிக் குடுத்த, செத்தாலும் அணைக்காதேன்னு?”

உர்சினா ஓட முயன்றாள். பனி இடுப்புவரை உள்வாங்கியது.

சுர்ர்க். நான்கு.

சுர்ர்க். ஒன்று.

அடுத்தது வெளியே வரவில்லை. மகளின் பலகைக்கு அடியில் தட்டியது.

டொக்.

மத்லாய்னா குனிந்து பார்த்தாள். “அம்மா, கீழ என்னமோ…”

தட்டுப்பட்டால் கம்பியைப் பிடுங்கக் கூடாது. அப்படியே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். யாகெனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

சரிவுக்குள், ஆழத்தில், மண்வாரி ஒருமுறை உரசியது. பிறகு சீராக, அவசரமாக. மகளின் காலடிப் பனி ஒரு விரற்கடை இறங்கியது.