சுண்டு தின்ற ரகசியம்

நாற்காலியில் உட்கார்ந்தால் முள்மேல் உட்கார்ந்தது போலிருந்தது வாலுவுக்கு. எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கால்நடை மருத்துவமனைத் தரையில் அவளுடைய நாய் சுண்டு சுருண்டு கிடந்தது. நாலு நாளாக ஒரு வாய் தின்னவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள்.

டாக்டர் பரிசோதனைத் தாளோடு வந்தார்.

"இதோட ஈரல்ல செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கு. சில நாய்களுக்கு அது சரியா வெளியேறாது. தங்கித் தங்கி ஈரலையே கெடுத்துடும்."

அம்மா வெடுக்கென்று மாமா பக்கம் திரும்பினாள். மாமா மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். வீட்டு முன்னறை முழுக்கச் செப்புக் கம்பிதான்.

"கம்பித் துண்டைக் கூட்டி அள்ளுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியா?"

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "தப்புதான்க்கா. நாளைக்கே பட்டறையை வேற எங்கயாவது மாத்திடறேன்."

"இருங்க," என்றார் டாக்டர். "எக்ஸ்ரேல கம்பி எதுவும் இல்லையே. தினம் என்ன சாப்பிடுது?"

"சோறும் முட்டையும்," என்றாள் அம்மா.

"அதுல இவ்வளவு செம்பு வராது. எதுன்னு தெரிஞ்சு நிறுத்தலேன்னா, மருந்து குடுத்தும் பிரயோஜனமில்ல." செம்பு அதிகமிருப்பதால் இந்த மாதிரி நாய்க்குத் தரக்கூடாதவை என்று ஒரு தாளை நீட்டினார்.

வாலு எட்டிப் பார்த்தாள். முதல் வரியிலேயே 'ஈரல்' என்றிருந்தது. அவளுக்குப் பகீரென்றது.

தினமும் பள்ளி விட்டு வரும்போது கறிக்கடை அண்ணன் மிச்ச ஈரலைப் பொட்டலம் கட்டித் தருவார். சுண்டுவுக்கு உடம்பு தேறட்டும் என்று கொல்லையில் வைத்து ஊட்டுவாள். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

மாமா குனிந்து சுண்டுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். வாலுவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"மாமா ஒண்ணும் பண்ணல," என்றாள். "நான்தான் தினம் ஈரல் போட்டேன். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்ததுலேர்ந்து."

அம்மா வாயைத் திறந்தாள். டாக்டர் முந்திக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னே. இனி ஈரல் வேண்டாம். மருந்தைத் தவறாம குடுங்க. தேறிடும்னு நம்பறேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். மாமா வாலுவின் காதில் கிசுகிசுத்தார்: "அத்தனை ஈரல்ல எனக்கு ஒரு துண்டு தரணும்னு தோணலையா உனக்கு?"

அடுத்த வாரமெல்லாம் வாலு நிலைகொள்ளாமல் திரிந்தாள். காலையில் எழுந்ததும் சுண்டுவின் கண்ணைப் பார்ப்பாள். பள்ளியிலிருந்து ஓடி வந்து மறுபடி பார்ப்பாள்.

ஒன்பதாம் நாள் முன்னறையில் தடதடவென்று சத்தம். சுண்டு சோற்றுத் தட்டை நக்கி நக்கி, மாமாவின் கம்பிச் சுருள் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அம்மா இன்னொரு கரண்டிச் சோறு போட்டாள்.

அதைச் சுண்டு தின்று முடிக்கும் வரை, வாலு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.